தெரியவில்லை என்றும் சொல்லலாம்

அந்தக் குடியிருப்பில் அவரைக் கேள்விக்காரம்மா என்றால்தான் தெரியும். சண்டைக்காரி என்பதுபோல் காதில் விழுந்தாலும் அதில் குத்தல் எதுவும் இல்லை. கேட்பது அவருடைய தொழில். சோப்பு, பற்பசை, ஆயுள் காப்பீடு, ஆற்றின் குறுக்கே கட்டலாமா வேண்டாமா என்றிருந்த ஒரு பாலம் என்று எதைப் பற்றியாவது ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வருவார். எழுதியதை ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனம் வாங்கிக்கொள்ளும். அதன் பிறகு அது என்ன ஆகிறது என்பது அவருக்குத் தெரியாது. பாலத்தைக் கட்டினார்கள். அவரிடம் பேசியவர்களில் பெரும்பாலோர் வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

இந்தத் தொழிலில் செய்யக் கூடாதவையே அதிகம். கேள்வியை அச்சில் உள்ளபடி வாசிக்க வேண்டும். எதிரில் இருப்பவர் சொல்வதற்குத் தலையாட்டக் கூடாது. 'அப்படியா' கூடாது, 'அடடா' கூடாது. புரியவில்லை என்றால் அதே கேள்வியை இன்னொரு முறை அதே மாதிரி வாசிக்கலாம். வந்த பதிலை வந்தபடி எழுத வேண்டும், கெட்ட வார்த்தை உட்பட. இதையெல்லாம் பயிற்சி வகுப்பில் எல்லோரும் கேட்கிறார்கள். வெளியே வந்ததும் பாதியை மறந்துவிடுகிறார்கள். கேள்விக்காரம்மா மறக்கவில்லை. 'சுத்தமாகக் கேட்பவர்' என்று அந்த வட்டாரத்தில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. வேறு சொத்து என்று எதையும் அவர் பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

"உன் மூஞ்சி கழுவிக் கவுத்து வச்ச தட்டு. எதுவும் ஒட்டாது" என்பார் அவருடைய கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக். உலகத்தில் உள்ள இயந்திரங்கள் அனைத்தையும் பற்றி அவருக்கு ஒரே கருத்துதான். "மேல போகணும், கீழ வரணும், நடுவுல நிக்கக் கூடாது. இதுக்கு மேல எவன் எதைச் சொன்னாலும் அது விளம்பரம்."

இதை அவர் சொல்வது பெரும்பாலும் தம்பிக்காக. தம்பி கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துபவர். கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் வீட்டில்தான் இருக்கிறார். அவருக்குக் கம்பெனிப் பித்து. ஊரில் எத்தனையோ கம்பெனிகள் இருந்தாலும் அந்த வீட்டில் கம்பெனி என்றால் ஒன்றுதான். அதன் போனும் கைக்கடிகாரமும் அவரிடம் இருந்தன, கணினி இன்னும் வரவில்லை. புதியது எதையாவது கம்பெனி அறிமுகப்படுத்தும் நாளில் அவர் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு திரை முன்னால் உட்காருவார்.

"அண்ணி, புதுக் கம்ப்யூட்டர் எவ்வளவு மெல்லிசு தெரியுமா? கதவு இடுக்குல செருகலாம்."

"எதுக்குடா கதவு இடுக்குல செருகணும்? பூட்டுக்குப் பதிலாவா?" என்பார் அண்ணன்.

"உனக்கு இதெல்லாம் புரியாதுண்ணா."

"புரியறதுக்கு என்ன இருக்கு? போன வருஷம் இவனுங்களே ஒரு வயரைத் தூக்கிக் குப்பையில போடச் சொன்னானுங்க. இந்த வருஷம் வேற வயரு. அதையும் நீ கும்பிட்டு வாங்கிட்டு வந்தே."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேள்விக்காரம்மா பக்கம் திரும்புவார்கள். அவர் சாதத்தைப் பரிமாறிவிட்டு, "எதனால அப்படி நினைக்கிறீங்க?" என்று கேட்பார். அது தொழிலில் அனுமதிக்கப்பட்ட கேள்வி. சண்டை மறுபடி முதலில் இருந்து தொடங்கும்.

அந்தப் போன் கணக்கெடுப்பு வந்தது இந்தச் சமயத்தில்தான். ஒரு வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில், நகரும் படிக்குப் பின்னால், வாடகைக்கு எடுத்த அறை. துணித் தடுப்புகள் போட்டு நான்கு மேசைகள், நான்கு பெண்கள். வளாகத்துக்கு வருகிறவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பெயரை ஒட்டுத்தாளால் மறைத்த ஒரு போனைக் கையில் கொடுக்க வேண்டும். திருப்பித் திருப்பிப் பார்க்கட்டும். பிறகு வாசிக்க வேண்டும்: 'இந்தப் போனைத் தயாரித்த நிறுவனம் எது என்று நினைக்கிறீர்கள்? தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்றும் சொல்லலாம்.'

யாருக்காக இந்தக் கணக்கெடுப்பு என்பதைக் கேட்பவர்களுக்கே சொல்வதில்லை. தெரிந்தால் குரலில் வந்துவிடும்.

ஜனங்கள் பேசினார்கள். 'பின்னாடி இத்தனை கண்ணு வச்சிருந்தா அது அவங்கதான்.' 'எல்லாப் போனும் ஒரே வயித்துல பொறந்த மாதிரிதான் இருக்கு, எதைன்னு சொல்ல?' 'எங்க வீட்டுக்காரர் கையில இதைத்தான் பாக்கறேன், என் கையில எப்பவாவது கொடுத்தாத்தானே பேர் தெரியும்?' போன் கம்பெனிகள் ஒன்றின்மேல் ஒன்று வழக்குப் போடும் செய்தியைப் படித்திருந்த ஒரு விற்பனைப் பிரதிநிதி, போனின் மூலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "மூலை வளைஞ்சதுக்கெல்லாம் கேஸ் போடறாங்களாம். சோப்புக்காரன்தான் இவங்க எல்லார் மேலயும் போடணும்" என்றார். கேள்விக்காரம்மா சிரிக்கவில்லை. அப்படியே எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வந்து குளியலறையில் சோப்பைக் கையில் எடுத்தபோதுதான் சிரித்தார்.

கணக்கெடுப்பு முடிந்த மறுவாரம் சூப்பர்வைசர் அவரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டாள். வயதில் சிறியவள், அக்கா என்றே அழைப்பாள். அன்று நாற்காலியை இழுத்துப் போட்டதிலேயே அவள் முகம் சரியில்லை என்று தெரிந்தது.

"அக்கா, மத்த மூணு பேர் கிட்டயும் முக்கால்வாசிப் பேரு ஒரே கம்பெனி பேரைச் சொல்லியிருக்காங்க. உங்க மேசையில மட்டும் பாதிப் பேரு தெரியலன்னு சொல்லியிருக்காங்க."

"சொன்னதைத்தான் எழுதினேன்."

"எனக்குத் தெரியும்கா. ஆனா வக்கீலுக்குத் தெரியாதே."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ஒட்டுத்தாளுக்கு அடியில் இருந்தது தம்பி கொண்டாடும் கம்பெனியின் போன் கிடையாது, போட்டிக்காரனுடையது. 'எங்கள் போனைப் போலவே செய்து ஜனங்களைக் குழப்புகிறார்கள்' என்று கம்பெனி வழக்குப் போட்டிருந்தது. குழப்பம் உண்மைதான் என்று காட்டக் கம்பெனியின் வக்கீல்கள் ஏற்பாடு செய்ததுதான் இந்தக் கணக்கெடுப்பு. வேறொருவன் செய்த போனைப் பார்த்து எவ்வளவு பேர் கம்பெனி பெயரைச் சொல்கிறார்களோ, வழக்குக்கு அவ்வளவு பலம். கேள்விக்காரம்மாவின் மேசை அந்தப் பலத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது.

உள் அறையில் காத்திருந்த வக்கீல் மரியாதையான மனிதர். மிரட்டவில்லை. ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று மனதார நம்பினார். ஒரே அறை, ஒரே போன், ஒரே கேள்வி. ஒரு மேசையில் மட்டும் விடை மாறினால் அந்த மேசையில் ஏதோ இருக்கிறது. இந்த வாதத்தில் நானும் குறை காணவில்லை. கேட்டவர் விதியை மீறியிருந்தால் மட்டும் அவருடைய பதில்களை நீக்கலாம் என்று கணக்கெடுப்பை வடிவமைத்த பேராசிரியர் சொல்லியிருந்தார். அதற்கு ஒரு தாள் தயாராக இருந்தது. 'பதில் சொன்னவர்களைத் தெரியவில்லை என்று சொல்லும்படி நான் தூண்டினேன்' என்று கேள்விக்காரம்மா ஒப்புக்கொள்வது அதன் சாரம். கீழே கையெழுத்துக்கு இடம்.

"நல்லா யோசிச்சுட்டு வாங்கம்மா. அவசரம் இல்ல" என்றார் வக்கீல். திங்கட்கிழமை வரச் சொன்னார்.

வெளியே நடைவழியில் சூப்பர்வைசர் கையைப் பிடித்துக்கொண்டாள். "சும்மா ஒரு வரிதான்கா. கையெழுத்துப் போட்டா உங்களை நாங்க கைவிட மாட்டோம். போடலைன்னா அது என் தலையில விடியும். உங்களை எடுத்ததே நான்தான்."

"போட்டா, தூண்டிக் கேக்கறவன்னு கோர்ட்டுல என் பேர் இருக்குமே. அப்புறம் எந்த ஆபீஸ்ல என்னைக் கூப்பிடுவாங்க?"

அவள் பிடித்திருந்த கையை விட்டாள்.

வேறு யாராவதாக இருந்தால் இங்கே கோபம் வந்திருக்கும். கேள்விக்காரம்மாவுக்கு வந்தது சந்தேகம். தன் வாயில் இருந்து ஒரு சொல்லும் கூடுதலாகப் போகவில்லை என்பது அவருக்கு நிச்சயம். ஆனால் முகம்? தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டு யாரால் பேச முடியும்?

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் கொழுந்தனார் எழுந்தே நின்றுவிட்டார்.

"அண்ணி! இத்தனை நாள் நம்ம கம்பெனிக்கா வேலை பாத்தீங்க? சொல்லவே இல்ல!"

"எனக்கே தெரியாதுடா."

"போட்டுடுங்க அண்ணி கையெழுத்தை. அவனுங்க அப்படியே காப்பி அடிச்சிருக்கானுங்க. கண்ணு இருக்கிறவனுக்குத் தெரியும்."

"கண்ணாடி விக்கறவன் கண்ணைப் பத்திப் பேசாதே" என்றார் அண்ணன். "ஏய், நீ போடாதே. செய்யாத தப்புக்கு எதுக்குக் கையெழுத்து?"

"செய்யலன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் கேள்விக்காரம்மா.

கணவர் நிமிர்ந்து பார்த்தார். மனைவி தொழிலுக்கு வெளியே கேள்வி கேட்பது அவருக்குப் பழக்கம் இல்லை.

"நீங்க ரெண்டு பேரும் எதிர்ல உக்காருங்க. நான் கேக்கறேன். பதிலே வேண்டாம். என் மூஞ்சியை மட்டும் பாருங்க."

போனுக்குப் பதிலாகக் கணவருடைய பட்டன் போனை எடுத்து, பெயர் இருந்த இடத்தில் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை ஒட்டினார்.

"இதைப் பாத்து எவனும் ஏமாற மாட்டான் அண்ணி."

"ஏன்டா, இது மட்டும் மூலை வளையலையா?" என்றார் கணவர்.

"பேசாம இருங்க" என்று சொல்லிவிட்டு, அவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, அறையில் கேட்பது போலவே கேட்டார். இரண்டு வாக்கியம்.

"கடைசி வரியில சிரிக்கிறீங்க அண்ணி" என்றார் கொழுந்தனார்.

"சிரிக்கலடா. அவ மூஞ்சியே அப்படித்தான்."

"கழுவி வச்ச தட்டுன்னு நீதானே சொல்லுவே?"

"தட்டுன்னா வெளிச்சம் பட்டாப் பளபளக்காதா? அதுக்குப் பேரு சிரிப்பா?"

ஊராருடைய கருத்தை இத்தனை காலம் எழுதியவருடைய முகத்தைப் பற்றியே இப்போது இரண்டு கருத்து. கொழுந்தனார் தன் போனை எடுத்துத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து நிறுத்தினார். "படம் எடுத்துடலாம். கம்பெனி கேமரா பொய் சொல்லாது."

"உன் போனா? அது பொணத்தைக்கூடச் சிரிக்க வச்சு, தோலையும் வெளுத்துக் காட்டும்."

"அதை நிறுத்தி வச்சிருக்கேண்ணா."

மறுபடியும் கேட்டார். எடுத்ததைச் சத்தம் இல்லாமல் பார்க்க வேண்டும் என்று கேள்விக்காரம்மாவே சொன்னார். குரல் இருந்தால் முகத்தைச் சரியாகப் பார்க்க முடியாது. முதல் வாக்கியம் முழுக்க அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. இரண்டாவது வாக்கியம் தொடங்கியதும் தலை வலது பக்கம் லேசாகச் சாய்ந்தது. புருவம் இறங்கியது. காய்ச்சல்காரக் குழந்தையிடம் மருந்தை நீட்டும்போது ஒரு தலை சாயுமே, அந்தச் சாய்வு. சிரிப்பு இல்லை, கணவர் சொன்னது சரி. ஒன்றும் இல்லாமலும் இல்லை. அந்த வகையில் கொழுந்தனார் சொன்னதும் சரி.

மறுபடி போடச் சொல்லிப் பார்த்தார். பிறகு போதும் என்றார்.

எங்கிருந்து ஒட்டிக்கொண்டது இது? அவருக்கு ஒரு காப்பீட்டுக் கணக்கெடுப்பு ஞாபகம் வந்தது. ஒரு லாரி ஓட்டுநர், வியர்க்க வியர்க்க உட்கார்ந்து, கேட்ட ஒவ்வொன்றுக்கும் ஏதாவது ஒன்றைச் சொன்னார். தெரியவில்லை என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. எழுந்து போகும்போது வாசலில் நின்று, "எல்லாம் சரியாச் சொன்னேனா மேடம்?" என்று கேட்டார், பரீட்சை எழுதியவரைப் போல. சரி தவறு என்று எதுவும் இல்லை என்று சொல்லி அனுப்பினாலும், அவர் நம்பவில்லை. அதற்குப் பிறகு எப்போதோ தலை சாயத் தொடங்கியிருக்க வேண்டும். தெரியாது என்று சொல்ல ஒரு மனிதருக்கு வாசிக்கப்படும் அனுமதி மட்டும் போதுவதில்லை. கொடுக்கிறவர் முகத்தையும் பார்க்கிறார்.

இந்த இடத்தில் கேள்விக்காரம்மா பக்கம் முழுதாகச் சாய்ந்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் கம்பெனி பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. கம்பெனி பெயர் நாக்கு நுனிவரை வந்து, இந்த அம்மாளின் முகத்தைப் பார்த்ததும் 'எதற்கு வம்பு' என்று பின்வாங்கியவர்கள் அந்த வரிசையில் இருந்திருக்கலாம். கருணை ஒருவரைப் பொய்யில் இருந்து காப்பாற்றும். சில சமயம் உண்மையில் இருந்தும் காப்பாற்றிவிடும். எவ்வளவு பேர் இந்த வகை, எவ்வளவு பேர் அந்த வகை என்று பிரிக்க எந்தக் கேமராவும் கிடையாது.

திங்கட்கிழமை வக்கீல் தாளை முன்னால் தள்ளினார்.

"கடைசி வரியைப் படிக்கும்போது என் தலை சாயுது சார். வீட்டுல பாத்தேன். அதை எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்."

வக்கீலின் முகம் மலர்ந்தது. "அதைத்தானேம்மா நாங்களும் எழுதியிருக்கோம்?"

"இதுல தூண்டினேன்னு இருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணான்னு எனக்குத் தெரியல சார்."

"நீங்க தலையைச் சாய்ச்சீங்க. அவங்க தெரியலன்னு சொன்னாங்க. இதுல தெரியாம என்ன இருக்கு?"

"நான் சாய்ச்சும் பாதிப் பேரு கம்பெனி பேரைத்தானே சார் சொன்னாங்க?"

வக்கீல் பேனாவை மூடித் திறந்தார். "சரி. உங்க தலை நேரா இருந்திருந்தா மத்தவங்க என்ன சொல்லியிருப்பாங்க? நீங்களே சொல்லுங்க."

"அது அவங்களைத்தான் சார் கேக்கணும்."

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

"யோசிச்சுட்டுத்தான் சார் வந்திருக்கேன்."

சுவரோரம் நின்றிருந்த சூப்பர்வைசர் கண்ணை மூடிக்கொண்டாள். வக்கீலுக்குச் சிரிப்பு வந்ததாகவும், அதை அவர் இருமலாக மாற்றிக்கொண்டதாகவும் அவள் பிறகு சொன்னாள். தலை சாய்கிறது, அதன் விளைவு தனக்குத் தெரியாது என்று புதிதாக ஒரு தாள் அடித்துக் கொண்டுவந்தார்கள். கேள்விக்காரம்மா அதை முழுதாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அவர் சொன்னதை நேர்மை என்று பெயர் வைத்துக் கடந்துபோவது சுலபம். தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளும் கணக்கும் அதில் இருந்தது. அவரே மறுக்க மாட்டார். ஆனால் அந்தக் கணக்குக்காக மட்டும் என்றால், தலை சாய்வதை யாரிடமும் சொல்லாமலே இருந்திருக்கலாம். பார்த்தவர்கள் வீட்டு ஆட்கள் இருவர்தான்.

தலைச் சாய்வு விதிமீறலில் சேராது என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். நான்கு மேசைகளும் சேர்ந்தே வழக்குக்குப் போயின. எண்ணிக்கை வக்கீல்கள் எதிர்பார்த்த அளவு வரவில்லை. நீதிபதி அதை எடைபோடுவதற்குள் இரண்டு கம்பெனிகளும் எதையோ கொடுத்து எதையோ வாங்கிச் சமாதானமாகிவிட்டன.

"நம்ம கம்பெனி பெருந்தன்மையா விட்டுக் கொடுத்திருச்சு" என்றார் கொழுந்தனார்.

"அவனுங்க ரெண்டு பேரும் கை குலுக்கிட்டானுங்க. நீதான்டா இன்னும் வாசல்ல நின்னு கத்திட்டு இருக்கே."

"அண்ணி மட்டும் அந்த முதல் தாள்ல கையெழுத்துப் போட்டிருந்தா..."

"சாப்பிடு" என்றார் அண்ணன்.

கருத்துக்கணிப்பு நிறுவனத்தில் இருந்து அழைப்பு வரவில்லை. கேள்விக்காரம்மா வேறு இரண்டு இடங்களில் கேட்டுப் பார்த்தார். பார்க்கலாம் என்றார்கள். அந்தத் தொழிலில் பார்க்கலாம் என்றால் என்ன பொருள் என்று அவருக்குத் தெரியும். மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒருநாள் சூப்பர்வைசரிடம் இருந்து போன். கம்பெனியே ஒரு புதுக் கணினியைக் காட்டிக் கருத்துக் கேட்கச் சொல்லியிருக்கிறதாம். இந்த முறை வழக்கு எதுவும் இல்லாததால் யாருக்காக என்பதை மறைக்கவும் இல்லை.

"வரீங்களாக்கா?"

"வரேன்."

பயிற்சி வகுப்பில் பழைய விதிகளோடு புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. கேள்வியை வாசித்து முடிக்கும்வரை தலை நேராக இருக்க வேண்டும், புருவம் அசையக் கூடாது. சூப்பர்வைசர் அதைச் செய்து காட்டினாள். கேள்விக்காரம்மாவைத் தவிர மற்ற எல்லோரையும் பார்த்துக் காட்டினாள்.

"கழுத்துல பட்டை கட்டிக்கிட்டுத்தான் கேக்கணும் போல" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். எதனால் வந்த விதி என்று அவர்களுக்குத் தெரியாது. கேள்விக்காரம்மா அதையும் எழுதிக்கொண்டார். அவர் வேலைக்குத் திரும்பியது அந்த விதியின் பேரில்தான். வேலை வேண்டும் என்றால் கழுத்து நேராக இருக்க வேண்டும். இதை யாரும் அவரிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அதே வளாகம், அதே அறை. முதலில் வந்தவர் மழைக்கு ஒதுங்கிய ஒரு வயதானவர். குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார், கால்சட்டை நனைந்தது. மேசைமேல் புதுக் கணினி திறந்திருந்தது. அதன் மெல்லிய விளிம்பை ஒரு விரலால் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

கேள்விக்காரம்மா வாசித்தார். "இந்தக் கணினியில் உங்களுக்கு மிகவும் பிடித்த அம்சம் எது? தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்றும் சொல்லலாம்."

கழுத்து நேராக நின்றது. புருவம் அசையவில்லை.

பெரியவர் அவருடைய முகத்தைப் பார்த்தார். அங்கே எதுவும் கிடைக்கவில்லை. கணினியைப் பார்த்தார். தடுப்புத் துணிக்கு அப்பால் யாரோ சரளமாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. உதட்டை நனைத்துக்கொண்டார்.

"ஸ்பீடு" என்றார்.

"எதனால அப்படி நினைக்கிறீங்க?"

"நல்லா... வேகமா இருக்குல்ல. அதான்."

கணினியை இன்னும் யாரும் இயக்கவே இல்லை. திரை கறுப்பாக இருந்தது. அதில் பெரியவருடைய குடையும் அறையின் விளக்கும் தெரிந்தன. கேள்விக்காரம்மா அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டு, அடுத்த கேள்விக்குப் போனார்.